நான்கு விரல் அகலம்

நேற்றுக் காலை உன் அண்ணன் பேரன் என் கடைக்கு வந்திருந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. ஒரு பழைய டயரைத் தூக்கிவந்து, நான் இட்லிப் பொட்டலம் பிரித்து வைத்திருந்த மேசைமேலேயே தொப்பென்று போட்டான். சாப்பிடுகிற இடத்தில் டயரை வைக்கிறவனை நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாசனை வந்துவிட்டது. வெயிலில் கிடந்து வெடித்த ரப்பர் வாசனை, அதோடு கொஞ்சம் பழைய கிரீஸ். டயரைப் புரட்டி உள்பக்கம் பார்த்தேன். வெள்ளை பெயிண்டில் ‘5’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. உன் காரின் முதுகில் மாட்டிக்கொண்டு இத்தனை வருஷம் சும்மா சவாரி செய்த ஸ்டெப்னி அது.

“ஆன்ட்டி, தாத்தா வீட்டு ஷெட்ல அந்தப் பச்சைக் கார் கிடக்குதில்ல, அதை கார் ஷோல நிறுத்தப் போறோம். எந்த டயர் போட்டா கெத்தா இருக்கும்?” என்றான்.

“எந்த ரோட்டுல ஓட்டப் போற?” என்றேன்.

“ஓட்டல்லாம் மாட்டோம் ஆன்ட்டி. லாரில ஏத்தித்தான் எடுத்துக்கினு போவோம். சும்மா நிக்கும்.”

சும்மா நிற்குமாம். நீ இருந்திருந்தால் அவன் காதைப் பிடித்துத் திருகியிருப்பாய். நான் நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இட்லி ஆறிப்போய்விட்டது. நீ போய் மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷத்தில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு அவசரமாக எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கார் தெருவில் வந்தாலே ‘தவக்களை வருது’ என்பார்கள். பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டு பேர் மட்டும் தரையோடு தரையாக உட்காரலாம். சக்கரத்தில் சைக்கிளைப் போலக் கம்பிகள். ஊருக்குத் திரும்பிப்போன ஓர் இங்கிலீஷ்கார இன்ஜினீயரிடமிருந்து உன் அப்பா வாங்கியது. பட்டுக்கடை முதலாளிக்கு எதற்கு இந்த விளையாட்டு வண்டி என்று ஊரே கேட்டது. அவர் யாருக்கும் பதில் சொல்லாமல், தாமல் ஏரிச் சாலையில் உன்னை உட்கார வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். “இது பாப்பாவுக்கு” என்று சாகிறவரைக்கும் சொன்னார். எழுதி வைக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு கார் மாட்டுக் கொட்டகையில் செங்கல்மேல் நின்றது. டயர் நான்கும் மக்கிப் போயின. ஒரு கார்த்திகை மாதம் உன் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: “போகிக்குள்ள அது சொந்தமா ஓடணும். ஓடுச்சின்னா வெச்சிக்கோ. இல்லன்னா மெட்ராஸ்ல ஒருத்தர் கேக்கறாரு, குடுத்துடுவேன். போகியன்னைக்கு வீட்டுல பழசு எதுவும் நிக்கக் கூடாது.” கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்குக் கார் எதற்கு என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. டயர் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் அந்த வாக்கையே கொடுத்தார். பத்தொன்பது அங்குல வட்டம், ஒல்லியான டயர். வெளிநாட்டிலிருந்து எதுவும் வராத காலம் அது. நம் நாட்டுக் கார் எதற்கும் அந்த அளவு கிடையாது.

அன்று சாயங்காலமே நீ எங்கள் கடைக்கு வந்துவிட்டாய். பெரிய காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் வல்கனைசிங் கடை. லாரி டியூப்புக்கு ஒட்டுப் போடுவதும் சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதும்தான் தொழில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு நானும் அங்கேதான் கையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் உயர வரிசைப்படி உட்கார வைத்த புண்ணியத்தில் நாம் இரண்டு பேரும் ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் கொல்லைப்பக்கக் கதவுதான். எங்கள் தெருவிலிருந்து வருகிற யாருக்கும் உங்கள் வீட்டில் முன்வாசல் கிடையாது. அதை நீயும் நானும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

“ரூபி, எனக்கு நாலு டயர் வேணும்டீ” என்றாய். அளவைச் சொன்னாய்.

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “இதுக்கா இவ்ளோ கவலை? பெரிய மோட்டார் பைக்குக்கு இதே வட்டம்தான். போட்டுடலாம்” என்றேன். அப்பா மட்டும் பசை டப்பாவைக் கலக்கியபடியே, “வட்டம் சரிம்மா, மத்தது சரியா வருமா?” என்று முனகினார். கடைத்தெருவில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாரும் என் பக்கம். சைஸ் சரி, போட்டுவிடு என்றார்கள். போட்டோம். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! மெல்லிசாக, உயரமாக, அந்தக் காருக்கென்றே பிறந்ததுபோல. நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மார்கழி. விடிந்தும் விடியாத நேரம். முதல் ஓட்டத்துக்கு நீயும் நானும் கிளம்பினோம். மாட்டுக் கொட்டகையின் கதவு நெசவாளர் தெருவில் திறக்கும். வெயில் ஏறுவதற்குள் அந்தத் தெருவில், தறியில் ஏற்றப்போகிற பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள் என்பதும், பாவு தெருவில் இருக்கும்போது ஒரு சைக்கிள்கூட உள்ளே போகாது என்பதும் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நமக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் குளிர், இவ்வளவு சீக்கிரம் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். முனையில் திரும்பினோம். முன்னால் தெரு நீளத்துக்கும் பட்டு நூல், குறுக்குக் கட்டைகள்மேல் இழுத்துக் கட்டி, ஈரம் காயாமல். நீ பிரேக்கை மிதித்தாய். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. சிந்திய கஞ்சித் தண்ணீரில் அது அமைதியாக, அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் முதல் கட்டையைச் சாய்த்தது. பாவு தரையில் விழுந்தது. நூல்கள் அறுகிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“பட்டும்மா அது! பட்டு!” என்று நெசவுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தெருவே கூடிவிட்டது. உன் அண்ணனும் வந்தார். நான் இறங்கி, டயரைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். “போட்டது நீ, மிதிச்சது நானு. பாதிப் பாதி” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்க, “ஓட்டினது நான். தப்பு என்னுது” என்றாய்.

நெசவுக்காரரின் மனைவிதான் முதலில் காரியத்தில் இறங்கினார். “கத்திக்கினு இருந்தா நூல் ஒட்டிக்குமா? அறுந்ததை முடிஞ்சாவணும். ரெண்டு பேரும் வந்து உக்காருங்கம்மா” என்றார். மூன்று நாள் உட்கார்ந்தோம். விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வொரு நுனியாகத் தேடி, ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டுக்கடைப் பெண்ணான உனக்கும் வரவில்லை, டயர்க்கடைப் பெண்ணான எனக்கும் வரவில்லை. “மெதுவா, மெதுவா, கோழிக்கழுத்தா திருகறீங்க?” என்று அந்த அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே கற்றோம். “காரை ஒழுங்கா ஓட்டக் கத்துக்கினு வா. வராம மட்டும் இருக்காத” என்று மூன்றாம் நாள் அவர் உன்னிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் வீட்டில் யாரும் உனக்குச் சொல்லாத வார்த்தை அது.

அந்த மூன்றாம் நாள்தான் நீ அதைப் பார்த்தாய். தெருவில் கஞ்சி வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதில் நம் டயர் போன தடம் அப்படியே பதிந்திருந்தது. நீ மண்டியிட்டு விரலை வைத்து அளந்தாய். இரண்டு விரல் அகலம். அதற்குமேல் இல்லை. “ரூபி, இவ்ளோ பெரிய வண்டி. இவ்ளோதான் தரையைத் தொடுதா?” என்றாய்.

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இத்தனை வருஷம் டயரோடு புழங்கியும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பைக் டயர் உருண்டையாக இருப்பதற்குக் காரணம் பைக் சாயும் என்பதுதான். வளைவில் சாயும்போது அதன் பக்கவாட்டும் தரையைப் பிடித்துக்கொள்ளும். கார் சாயாது. எப்போதும் அந்த உருண்டையின் உச்சியில் மட்டும், இரண்டு விரல் அகலத்தில் நிற்கும். அப்பா முனகியது இதைத்தான். நான் வட்டத்தைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை.

அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே டயர் மாட்டுவண்டி ஒன்று போன தடமும் இருந்தது. ஒரு சாண் அகலம். நீ என்னைப் பார்த்தாய். நான், “வேணாம்டீ, சிரிப்பாங்க” என்றேன். “சிரிக்கட்டும், விழுந்தா விழறது நம்ம பல்லா?” என்றாய். ஐயம்பேட்டை வண்டிக்காரர் ஒருவரிடம் கேட்டு ஒரு டயர் வாங்கி வந்தோம். அதுவும் அதே பத்தொன்பது அங்குலம்தான்! மாட்டிப் பார்த்தால் மட்கார்டில் உரசியது, ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதவில்லை. வண்டிக்காரர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எம் மாடு ஓடுற ஓட்டத்துக்குத்தாம்மா இது. அதுக்கு மேல ஓட்டினா சூடேறிப் பிச்சிக்கும்” என்று சொல்லிவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போனார்.

போகிக்கு இருபது நாள்கூட இல்லை. எங்கள் கடை வாசலில் நீ காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாய். திடீரென்று கேட்டாய்: “பைக் டயராத்தான் இருக்கணும். ஆனா சாயாத பைக்கா இருக்கணும். அந்த மாதிரி பைக் இருக்குதாடீ?”

அப்பா பசை டப்பாவைக் கீழே வைத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் சர்ச் ஃபாதருடைய மோட்டார் சைக்கிள்! பக்கத்தில் தொட்டி வைத்த சைடுகார் வண்டி. மூன்று சக்கரம், எப்படிச் சாயும்? ஞாயிறு தவறாமல் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அதன் டயரைப் பார்த்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒல்லி டயர்தான், ஆனால் தரையைத் தொடுகிற இடம் தட்டை. ஃபாதர் சிரித்துக்கொண்டே, சைடுகாரின் பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் டயர் வாங்குகிற மெட்ராஸ் கடையின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தடவை வாய்ப்பேச்சை நம்பக் கூடாது என்று நீ சொன்னாய். சமமான தரை வேண்டும், தடம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சமமான தரை உங்கள் வீட்டு முன்கூடத்தில்தான் இருந்தது, கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் ஜமக்காளத்தில் உட்காருகிற அந்தக் கூடத்தில். நான் வழக்கம்போல டயரை உருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் திரும்பினேன். நீ முன்வாசலில் நின்றுகொண்டு, “எங்க போற? இப்படி வா” என்றாய். அவ்வளவுதான். பேச்சு இல்லை, விளக்கம் இல்லை. என் வாழ்க்கையில் அந்த மூன்று படிகளை ஏறியதுபோல் நான் வேறு எதையும் ஏறியதில்லை. பயந்துகொண்டேதான் ஏறினேன், ஏறிய பிறகு பயம் போய்விட்டது.

செம்மண்ணைக் குழைத்து டயரில் பூசினோம். முதலில் பழைய பைக் டயரை, பாரம் வைத்து அழுத்தி உருட்டினோம்: இரண்டு விரல். அடுத்து ஃபாதரின் ஸ்டெப்னி, அதே பாரத்தை வைத்து அழுத்தியபடி: நான்கு விரல். நீ திரும்பத் திரும்ப அளந்தாய். நான்கு விரல், ஒரே சீராக, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சிவப்புக் கரைபோல ஓடியது.

அப்போதுதான் உன் அண்ணன் உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எது அவருக்கு அதிகம் வலித்தது என்று எனக்குத் தெரியவில்லை. “இன்னா இது? இவ எப்படி உள்ள வந்தா? ஏய், டயர எடுத்துக்கினு கொல்லப்பக்கமாப் போ” என்றார். நான் டயரைத் தூக்கினேன். நீ குறுக்கே வந்து நின்றாய். “அவ வந்த வழியிலதான் போவா” என்றாய். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் வந்த வழியிலேயே போனேன். வேகமாகப் போகவில்லை, வேண்டுமென்றே மெதுவாகப் போனேன்.

அப்பாவும் நானும் மெட்ராஸ் போய் ஐந்து டயர் கொண்டுவந்தோம், பஸ் கூரைமேல் கட்டி. ஒன்றிலிருந்து ஐந்துவரை உள்பக்கம் எண் எழுதினேன். போகியன்று விடிந்தபோது ஊரெல்லாம் புகை. வீட்டுக்கு வீடு பழைய பாயும் பழைய டயரும் எரிந்தன. உன் அண்ணன் வாசலில் நின்று, “நாலையும் அதுல போட்டுடலாம்னு இருந்தேன்” என்று எங்கள் காதுபட நக்கலடித்தார். நீ இடதுபக்க இருக்கையைத் தட்டிக் காட்டினாய். “ஏறுண்ணா. தாமல் ஏரி வரைக்கும். நீயே பாரு” என்றாய்.

இரண்டு இருக்கைதானே. எனக்கு இடமில்லை. தெற்கு ராஜவீதி முனையில், பூக்காரம்மா பக்கத்தில், பம்ப்பையும் பஞ்சர் சாமானையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது. தவக்களை வந்தது. நான்கு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டு, முனையில் திரும்பும்போது ஓர் அங்குலம்கூட விலகாமல் வந்தது. நான் கையைத் தூக்கினேன். நீ நிறுத்தவில்லை. நேராகப் போய்விட்டாய்.

உங்கள் வீட்டுத் திருப்பத்தையும் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏரிக்கரையில் நடந்ததை நீ பிறகுதான் சொன்னாய். அங்கே இறங்கி நின்று உன் அண்ணன், “சரி, ஆசை தீர்ந்துதில்ல? மெட்ராஸ்காரரு பொங்கல் முடிஞ்சி வர்றாரு” என்றிருக்கிறார். அந்த மனிதருக்குத் தான் கொடுத்த வாக்கு நினைவில்லாமல் இல்லை. நீ அதை நம்பியதுதான் அவருக்கு ஆச்சரியம்.

நான்கு ராஜவீதிகளையும் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தாய். இந்தத் தடவை அவர், “நிறுத்துடீ, எறங்கணும்!” என்று கத்திக்கொண்டு போனார். மூன்றாவது சுற்றில் மேல்துண்டு பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டுக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தேர்கூட ஒரு சுற்றுதானே சுற்றும், இது என்ன என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. “உங்கண்ணனுக்கு இன்னாம்மா, வேண்டுதலா?” என்று பூக்காரம்மா என்னைக் கேட்டார். அவர் என் அண்ணன் இல்லை, உன் அண்ணன் என்று விளக்க எனக்கு நேரமில்லை. நான்காவது சுற்றில் நீ என் முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தாய். நிறுத்தவில்லை, நடை வேகத்தில் உருட்டினாய்.

“சொல்லு. அவ காதுல விழற மாதிரி சொல்லு” என்றாய்.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். கொல்லைப்பக்கமாகப் போ என்று சொன்ன அதே வாய். கண்ணெல்லாம் போகிப் புகை. “வண்டி பாப்பாவுது” என்றார்.

“கேட்டுச்சா ரூபி?”

“கேக்கல” என்றேன். பொய்தான். அந்தப் பொய்க்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அவர் இன்னும் சத்தமாக, ராஜவீதிக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். அதன் பிறகுதான் நீ நிறுத்தினாய். அவர் இறங்கிப் போனார். அந்த இடதுபக்க இருக்கையில் நான் ஏறி உட்கார்ந்தேன். பிறகு எத்தனை வருஷம் அது என் இருக்கையாக இருந்தது என்று உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகியும் நீ ஓட்டினாய், பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரிக்கே அதில்தான் போனாய். நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருக்கிற காலைகளில் முனையிலேயே நிறுத்தி, இறங்கி, நடந்து போனாய். அந்த அம்மாவுக்காக.

உன் பதினாறாம் நாளன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். என்னை அடையாளம் தெரியாத யாரோ ஒரு பெண், “பின்பக்கமா போங்க, அங்க சேர் போட்டிருக்குது” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். ஆனாலும் நான் முன்படி மூன்றையும் ஏறித்தான் உள்ளே வந்தேன். முட்டி வலிக்கிற வயசில் மெதுவாக ஏறுவதற்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்குக் காலை உன் அண்ணன் பேரன் மறுபடியும் வந்தான். செல்போனில் பளபளவென்று வெள்ளைப் பட்டை போட்ட டயர் படங்களைக் காட்டினான். “லாரில ஏறி நிக்கிற காருக்கு எந்த டயரும் போடலாம் தம்பி. பிளாஸ்டிக்ல செஞ்சி மாட்டிக்கோ. அதுக்கு நான் எதுக்கு?” என்றேன். அவன் முகம் சுருங்கியது. பழைய டயரை எடுக்கக் கை நீட்டினான். “அது இங்கயே இருக்கட்டும். ஓட்டறவங்க யாராவது உங்க வீட்டுல பொறந்தா அனுப்பு, அன்னைக்கு நாலு டயர் நான் தேடித் தர்றேன்” என்றேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். “என் தங்கச்சி ஓட்டணும்னுதான் சொல்லிக்கினு இருக்கா ஆன்ட்டி. நாங்கதான் வேணாம்னுட்டோம்” என்றான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

“அவளை அனுப்பு. முன்வாசல் வழியா வரச் சொல்லு” என்றேன். டயர்க்கடைக்கு ஏது பின்வாசல் என்று அவன் விழித்தான். அது அவனுக்குப் புரிய வேண்டியதில்லை.

அவன் போன பிறகு செம்மண் குழைத்தேன். கடைக்கு என் மகன் புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கிறான், ஒரு எண்ணெய்த் துளி விழுந்தாலே துடைக்கிறவன். ஐந்தாம் எண் டயரை நிமிர்த்தி, மண்ணைப் பூசி, கல்லா மேசையிலிருந்து வாசல்வரை என் பாரம் முழுவதையும் வைத்து அழுத்தி உருட்டினேன். மூச்சு வாங்கியது. மகன் ஓடிவந்து, “இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க! துணி எடுத்துக்கினு வர்றேன்” என்றான்.

“தொடாதே” என்றேன். “ஒரு பொண்ணு வருவா. அவ பாக்கணும்.”

குனிந்து விரலை வைத்து அளந்தேன். நான்கு விரல், இன்னும் அப்படியேதான் இருக்குதுடீ.